கணினிக் கேள்வி பதில்: வேலை இழந்த பாராமீட்டரை எடுப்பது

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருக்கும் இளையோர் சிலர் சேர்ந்து, நிரல்களில் பிழை தேட உதவும் ஜிடிபி டிபக்கரின் மூல நிரலைப் படித்து வருகிறார்கள். அதில் ஒரு சிறு திருத்தமாவது செய்து அனுப்பிவிட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கே இந்த மாதப் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம்.

ஜிடிபி 1986இல் ரிச்சர்டு ஸ்டால்மன் சி மொழியில் தொடங்கியது. பிறகு சி++க்கு மாறியது. 2017இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து அதைக் கட்ட சி++11 தெரிந்த கம்பைலர் தேவைப்பட்டது; இன்றைய பதிப்புகளுக்கு சி++17 தெரிந்திருக்க வேண்டும். இத்தனை ஆண்டுகள் பலர் கை வைத்த நிரலில், ஒரு காலத்தில் தேவைப்பட்டு இன்று யாரும் படிக்காத பாராமீட்டர்கள் (ஃபங்ஷனுக்குக் கடத்தப்படும் மதிப்புகளின் இடங்கள்) தங்கிப்போவது இயல்புதான். அவற்றை எடுப்பது நல்ல முதல் வேலை. எடுத்துக்காட்டு நிரல்களில் பெயர்களைத் தமிழிலேயே வைத்திருக்கிறோம்.

கேள்வி: ஒரு ஃபங்ஷனில் மூன்றாவது பாராமீட்டர் உள்ளே எங்குமே பயன்படவில்லை. பயன்படாத மாறி இருந்தால் உடனே எச்சரிக்கும் கம்பைலர், இதற்கு வாயே திறக்கவில்லை. ஏன்? நம்பி எடுத்துவிடலாமா?
– கல்லூரி மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, ஜிடிபியின் பில்டில் பயன்படாத மாறிக்கான எச்சரிக்கை திறந்திருக்கிறது. பயன்படாத பாராமீட்டருக்கானது வேண்டுமென்றே மூடப்பட்டிருக்கிறது. ஜிடிபியில் கால்பேக்குகள் (சுட்டி வழியாக அழைக்கப்படும் ஃபங்ஷன்கள்) அவ்வளவு அதிகம். ஒவ்வொரு கட்டளைக்கும் பின்னால் இருக்கும் ஃபங்ஷனுக்கு இரண்டு பாராமீட்டர்கள்: பயனர் தட்டிய எழுத்துகள் ஒன்று, ‘ஃப்ரம்_டிடிஒய்’ இன்னொன்று. கட்டளை முனையத்தில் நேரடியாகத் தட்டப்பட்டதா, ஸ்கிரிப்டிலிருந்து வந்ததா என்பதை இரண்டாவது சொல்கிறது. பெரும்பாலான கட்டளைகள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனாலும் எடுக்க முடியாது. கட்டளை அட்டவணை எல்லா ஃபங்ஷன்களையும் ஒரே வடிவச் சுட்டியாக வைத்திருக்கிறது. ஒன்றில் மட்டும் எடுத்தால், அந்தக் கட்டளையைப் பதிவு செய்யும் வரியிலேயே பிழை வரும். விர்ச்சுவல் ஃபங்ஷனும் அப்படித்தான். ஒரு கிளாஸ் பயன்படுத்தாததை அதன் உடன்பிறப்புக் கிளாஸ் பயன்படுத்திக்கொண்டிருக்கும்.

ஆகவே, முதலில் அந்த ஃபங்ஷனின் முகவரியை யாராவது எடுக்கிறார்களா என்று பாருங்கள். நிரலின் வரலாற்றைக் காக்கும் ‘கிட்’ கருவியின் தேடல் கட்டளையான ‘கிட் கிரெப்’பில் முழுச் சொல் மட்டும் தேடும் ‘டபிள்யூ’ ஆப்ஷனோடு வெறும் பெயரைத் தேடுங்கள். பெயரோடு அடைப்புக்குறியைச் சேர்த்துத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். ஜிடிபி பின்பற்றும் குனு நடையில் பெயருக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. ஒட்டித் தேடினால் எதுவுமே கிடைக்காது. வெறும் பெயரைத் தேடினால்தான், அடைப்புக்குறி இல்லாமல் சுட்டியாகக் கடத்தப்படும் இடங்களும் கண்ணில் படும். சுட்டியாகக் கடத்தும் இடத்தில் பழைய சி பாணி ‘காஸ்ட்’ (கட்டாய வகை மாற்றம்) இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். காஸ்ட் வடிவப் பொருத்தமின்மையை மறைத்துவிடும். கம்பைல் ஆகும், ஓடும்போது என்ன நடக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

ஒரு கோப்பில் மட்டும் பயன்படாத பாராமீட்டர்களைப் பட்டியலிட ஒரு வழி இருக்கிறது. ‘மேக் வி=1’ என்று ஓட்டினால் அந்தக் கோப்பின் முழு கம்பைல் வரியும் திரையில் வரும். அதை நகலெடுத்து, கடைசியில் ‘-டபிள்யூஅன்யூஸ்டு-பாராமீட்டர்’, ‘-டபிள்யூநோ-எரர்’ இரண்டையும் சேர்த்துக் கையால் ஓட்டுங்கள். இரண்டாவது ஆப்ஷன் கட்டாயம். மேம்பாட்டுக் கிளையில் ஜிடிபி எச்சரிக்கைகளைப் பிழையாகவே எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது வரலாறு. இதைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். ஒரு பாராமீட்டர் இன்று பயன்படவில்லை என்றால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். தேவை போய்விட்டது, அல்லது யாரோ நிரலை மாற்றும்போது அதைக் கடத்த மறந்துவிட்டார். இரண்டாவது நடந்திருந்தால் அந்தப் பாராமீட்டர் ஒரு பிழையின் தடயம். எடுத்தால் தடயமும் போய்விடும். ‘கிட் லாக்’ கட்டளையில் பெரிய ‘எஸ்’ ஆப்ஷனோடு பாராமீட்டரின் பெயரையும் கோப்பின் பெயரையும் கொடுங்கள். அந்தச் சொல் எண்ணிக்கையில் கூடிய அல்லது குறைந்த கமிட்டுகள் (கிட்டில் பதிவான திருத்தங்கள்) மட்டும் வரும். கடைசியாக அதைப் படித்த வரி எந்தக் கமிட்டில் போனது, அந்தக் கமிட் செய்தி என்ன காரணம் சொல்கிறது என்று படியுங்கள். ஃபங்ஷனின் உடலுக்குள் வேறொரு ஃபங்ஷனை அழைக்கும் இடத்தில், பாராமீட்டர் நிற்க வேண்டிய இடத்தில் வெறும் 0 நின்றால் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு வகையும் உண்டு. உடல் அந்தப் பாராமீட்டரைப் படிக்கிறது, ஆனால் அழைப்பவர்கள் எல்லாரும் ஒரே மதிப்பையே தருகிறார்கள். இதை எந்த எச்சரிக்கையும் காட்டாது. அழைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். ஐயம் இருந்தால் ஃபங்ஷனின் முதல் வரியில் ‘ஜிடிபி_அசெர்ட்’ வைத்து, மதிப்பு 0தான் என்று உறுதி கேட்டுச் சோதனைத் தொகுப்பை ஓட்டுங்கள். அது விழாவிட்டால், சோதனை தொட்ட பாதைகளில் சரி என்று மட்டும்தான் பொருள். இந்த வகையில் பாராமீட்டரோடு இனி ஒருபோதும் ஓடாத ‘இஃப்’ கிளையையும் எடுக்க வேண்டும். அது ஒரே கமிட்டில் இருக்கட்டும்.

கேள்வி: ஒரு பாராமீட்டரை எடுத்தேன். ‘டூ மெனி ஆர்கியூமென்ட்ஸ்’ என்று வந்த பிழைகளையெல்லாம் திருத்திவிட்டேன். முழுதும் கம்பைல் ஆனது. ஆனால் ஒரு கட்டளையின் வெளியீடு மட்டும் இப்போது சுருங்கி வருகிறது. நான் அந்தப் பக்கமே போகவில்லையே?
– மென்பொருள் பயிற்சியாளர், சுங்கை சிப்புட் (ஈப்போவில் வேலை)

பதில்: தங்கை, இந்த வேலையில் உள்ள ஆகப் பெரிய பொறி இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

உங்கள் ஃபங்ஷன் இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

வரியைக்_காட்டு (இன்ட் முதல், இன்ட் கடைசி, இன்ட் முனையம் = 0, பூல் சுருக்கம் = ஃபால்ஸ்);

‘முனையம்’ வேலை இழந்துவிட்டது. அதை எடுத்த பிறகு:

வரியைக்_காட்டு (இன்ட் முதல், இன்ட் கடைசி, பூல் சுருக்கம் = ஃபால்ஸ்);

இப்போது பழைய அழைப்புகளைப் பாருங்கள். (10, 20) என்று அழைத்தவருக்கு எதுவும் மாறவில்லை. (10, 20, 1, ட்ரூ) என்று நான்கும் கொடுத்தவருக்குப் பிழை வந்தது, நீங்கள் திருத்திவிட்டீர்கள். ஆனால் (10, 20, 1) என்று மூன்று கொடுத்தவர்? அவர் தந்த 1, நேற்று வரை ‘முனையம்’. இன்று அது ‘சுருக்கம்’ இருக்கும் இடத்தில் விழுகிறது. சி++ இன்ட்டைப் பூலாகத் தானே மாற்றிக்கொள்ளும். 1 என்றால் ட்ரூ. பிழையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. வெளியீடு சுருங்கியது இதனால்தான்.

கடைசிப் பாராமீட்டர் பூலாக இல்லாமல் எழுத்துச் சுட்டியாக இருந்திருந்தால், 1 கொடுத்தவருக்குப் பிழை வரும். 0 கொடுத்தவருக்கு வராது. வெறும் 0 என்ற எண்ணை சி++ வெற்றுச் சுட்டியாக எடுத்துக்கொள்ளும். ஆக, எடுக்கப்படும் பாராமீட்டருக்குப் பின்னால் டீஃபால்ட் மதிப்புள்ள இன்னொன்று இருந்தால், பிழைச் செய்திகளை மட்டும் பின்தொடர்ந்து திருத்துவது போதாது.

ஆகப் பாதுகாப்பான வழி, பெயரைத் தற்காலிகமாக மாற்றுவது. அறிவிப்பிலும் வரையறையிலும் ‘வரியைக்_காட்டு_புதிது’ என்று வையுங்கள். பாராமீட்டரையும் அப்போதே எடுத்துவிடுங்கள். பிறகு ‘மேக்’கை ‘கே’ ஆப்ஷனோடு ஓட்டுங்கள். முதல் பிழையிலேயே நிற்காமல் போகும் தூரம் வரை போகும். பழைய பெயரில் அழைக்கும் ஒவ்வோர் இடமும், எத்தனை மதிப்பு கொடுத்திருந்தாலும், பிழையாக மேலே வரும். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து, எந்த மதிப்பு எந்தப் பாராமீட்டருக்குப் போகிறது என்று எண்ணித் திருத்துங்கள். எல்லாம் சுத்தமான பிறகு, கோப்புகளில் சொல்லைத் தேடி மாற்றும் ‘செட்’ (sed) கட்டளையால் பழைய பெயரைத் திரும்ப வைத்துவிடலாம். கமிட்டில் இந்தத் தற்காலிகப் பெயர் தெரியவே கூடாது.

இன்னொரு வழி, பழைய வடிவத்தை ‘டிலீட்’ என்று அறிவிப்பது:

வரியைக்_காட்டு (இன்ட், இன்ட், இன்ட், பூல் = ஃபால்ஸ்) = டிலீட்;

(10, 20, 1) என்ற அழைப்பு இந்த வடிவத்துக்கே துல்லியமாகப் பொருந்தும். நீக்கப்பட்ட ஃபங்ஷன் என்று பிழை வரும். (10, 20) புதிய வடிவத்துக்குப் போகும். பார்க்க அழகான வழி. ஆனால் இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. பழைய அழைப்பில் யாராவது ‘முனைய’த்துக்கு 1 என்று எழுதாமல் ட்ரூ என்று எழுதியிருந்தால், அது புதிய வடிவத்தின் பூலுக்கே நேராகப் பொருந்திவிடும். சியிலிருந்து வந்த நிரல் என்பதால், இன்ட் கொடிக்கு ட்ரூ, ஃபால்ஸ் கொடுக்கும் அழைப்புகளை எதிர்பார்த்துத்தான் ஆக வேண்டும். எங்கள் பரிந்துரை பெயர் மாற்றும் வழிதான். நேரம் கொஞ்சம் கூடும். ஆனால் கம்பைல் ஆகும் கோப்புகளில் ஓர் அழைப்பும் கண்ணுக்குத் தப்பாது.

கேள்வி: பாராமீட்டரை எடுத்ததும் அழைக்கும் இடத்தில் கடத்தப்பட்ட மதிப்பையும் அழித்துவிட வேண்டியதுதானே? அதில் யோசிக்க என்ன இருக்கிறது?
– மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: மதிப்பு வெறும் எண்ணாகவோ மாறியாகவோ இருந்தால் அழித்துவிடலாம். அங்கே ஒரு ஃபங்ஷன் அழைப்பு இருந்தால் நிறுத்தி யோசியுங்கள். மதிப்பை யாரும் படிக்காவிட்டாலும் அந்த அழைப்பு இதுவரை நடந்துகொண்டிருந்தது. உதாரணத்துக்கு, ஜிடிபியில் ‘கெட்_செலக்டெட்_ஃப்ரேம்’ தேர்ந்தெடுத்த ஃப்ரேமைத் தருவதோடு நிற்பதில்லை. ஓடும் புரோகிராம் எதுவும் இல்லாதபோது அதை அழைத்தால் பிழை எறிந்து கட்டளையையே நிறுத்திவிடும். அதை ஆர்கியூமென்ட் இடத்திலிருந்து அழித்தீர்களானால், முன்பு நல்லதொரு செய்தியோடு நின்ற கட்டளை இனி உள்ளே போய் வேறெங்கோ தடுக்கி விழலாம். அழைப்பைத் தனி வரியாக வைத்திருக்க வேண்டுமா, உண்மையிலேயே தேவையில்லையா என்று முடிவு செய்து, அந்த முடிவைக் கமிட் செய்தியில் ஒரு வாக்கியமாக எழுதுங்கள்.

அழித்த பிறகு அழைப்பவரின் உள் மாறி ஒன்று வேலை இழக்கும். இன்ட், சுட்டி போன்றவை என்றால் கம்பைலர் சொல்லிவிடும். ‘எஸ்டிடி ஸ்ட்ரிங்’ போல, உருவாகும்போதும் அழியும்போதும் நிரல் ஓடும் வகை என்றால் பொதுவாகச் சொல்லாது. நீங்களேதான் தேட வேண்டும். பிறகு அழைப்பவரின் சொந்தப் பாராமீட்டரே வேலை இழக்கலாம், அவரை அழைப்பவருடையதும். இப்படி மேலே மேலே போகும். ஒரு ஃபங்ஷனுக்கு ஒரு கமிட் என்று பிரித்துக்கொண்டு ஏறுங்கள். ஒரே கமிட்டில் நான்கு அடுக்கு ஏறினால், பின்னாளில் தவறு புகுந்த கமிட்டைத் தேடும் ‘கிட் பைசெக்ட்’ அந்தக் கமிட்டைக் காட்டும்போது எந்த அடுக்கில் தவறு என்று யாருக்கும் தெரியாது.

கேள்வி: என் மடிக்கணினியில் எல்லாம் கம்பைல் ஆகிறது, சோதனையும் பாஸ். ஆனாலும் மற்ற கணினிகளில் உடையும் என்கிறார்கள். எப்படி உடையும்?
– நிரலாளர், சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டம்

பதில்: உங்கள் மடிக்கணினி கம்பைல் செய்த கோப்புகளைப் பற்றி மட்டும்தான் உங்கள் கம்பைலர் சாட்சி சொல்ல முடியும். ஜிடிபி மரத்தில் அது திறந்தே பார்க்காத கோப்புகள் ஏராளம்.

முதலில் ‘டிடெப்’ கோப்புகள். ஒவ்வொரு செயலிக்கும் இயங்குதளத்துக்கும் உரிய அறிவு இவற்றில் இருக்கிறது. சாதாரணமாக உங்கள் கணினியின் வகைக்கு உரியவை மட்டுமே கட்டப்படும். கான்ஃபிகர் செய்யும்போது ‘எனேபிள்-டார்கெட்ஸ்=ஆல்’ கொடுத்தால் எல்லா டிடெப் கோப்புகளும் கட்டப்படும். பாராமீட்டர் எடுக்கும் வேலைக்கு இது இல்லாமல் தொடங்கவே தொடங்காதீர்கள்.

அடுத்தது ‘நாட்’ கோப்புகள். இவை அந்தந்த இயங்குதளத்தின் கெர்னலோடு நேரடியாகப் பேசுபவை. விண்டோஸ், மேக், ஃப்ரீபிஎஸ்டி, ஏஐஎக்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உண்டு. லினக்ஸுக்காகக் கட்டும்போது, எல்லா டார்கெட்டும் கேட்டாலும் இவை கட்டப்படாது. இங்கே கிரெப் மட்டும்தான் துணை. பெயரைத் தேடி, கையால் திருத்தி, இரண்டு முறை படியுங்கள். கம்பைல் செய்து பார்க்க முடியாத கோப்புகள் எவை என்பதைக் கமிட் செய்தியில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அந்த இயங்குதளத்தில் வேலை செய்பவர் ஒருவர் பார்த்துச் சொல்வார்.

மூன்றாவது, நூலகங்கள். உங்கள் கணினியில் பைத்தானின் டெவலப்மென்ட் பேக்கேஜ் இல்லாவிட்டால் ஜிடிபி பைத்தான் ஆதரவு இல்லாமல் கட்டப்பட்டுவிடும். அதைச் சார்ந்த நிரல் உண்மையில் கம்பைல் ஆகியிருக்காது. கைல் என்னும் மொழிக்கான பகுதியும் அப்படியே. கான்ஃபிகரில் ‘வித்-பைத்தான்’ என்று வெளிப்படையாகக் கேட்டால், பைத்தான் கிடைக்காதபோது அமைதியாகத் தாண்டாமல் பிழையோடு நிற்கும். ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், என்கர்சஸ், எக்ஸ்பாட், ஃப்ளெக்ஸ், பைசன், டெக்ஸின்ஃபோ ஆகியவற்றையும் முன்கூட்டியே நிறுவிக்கொள்ளுங்கள்.

நான்காவது, வேறு கணினியில் ஓடும் நிரலைத் தொலைவிலிருந்து ஆராய உதவும் ஜிடிபிசர்வர். அது தனி அடைவில் இருந்தாலும் ‘ஜிடிபிசப்போர்ட்’ அடைவையும், ‘ஜிடிபி’க்குள் இருக்கும் ‘நாட்’, ‘ஆர்ச்’ அடைவுகளையும் பகிர்ந்துகொள்கிறது. அங்கே கை வைத்தால் இரண்டையும் கட்டியாக வேண்டும். ‘பிஎஃப்டி’, ‘ஆப்கோட்ஸ்’ அடைவுகள் ஒரே ரெப்பாசிட்டரியில் இருந்தாலும் பின்யூட்டில்ஸ் திட்டத்துக்கு உரியவை. அங்குள்ள ஃபங்ஷனை மாற்ற அவர்கள் சம்மதம் வேண்டும்.

ஐந்தாவது, தானாக எழுதப்படும் கோப்புகள். ‘ஜிடிபிஆர்ச்’ மெத்தடில் பாராமீட்டர் எடுக்க வேண்டுமானால் ‘ஜிடிபிஆர்ச்_காம்பொனென்ட்ஸ்’ என்னும் பைத்தான் கோப்பில் அதன் பாராமீட்டர் பட்டியலைத் திருத்தி, ஸ்கிரிப்டை ஓட்டி, ‘ஜென்’ என்று முடியும் கோப்புகளைப் புதிதாக எழுத வைக்க வேண்டும். டார்கெட் கிளாஸின் விர்ச்சுவல் மெத்தட் என்றால் ‘மேக்-டார்கெட்-டெலிகேட்ஸ்’ ஸ்கிரிப்ட். உருவான கோப்பைக் கையால் திருத்தினால் அடுத்து ஸ்கிரிப்டை ஓட்டுபவர் கையில் உங்கள் திருத்தம் மறைந்துவிடும்.

விர்ச்சுவல் மெத்தடில் ‘ஓவர்ரைடு’ என்ற சொல் இருந்தால் பொருந்தாத கிளாஸ் உடனே பிழை தரும். அந்தச் சொல் இல்லாத கிளாஸில் பழைய வடிவம் எவரும் அழைக்காத தனி மெத்தடாக நின்றுவிடும். அப்படி ஒன்றைப் பார்த்தால் முதலில் ‘ஓவர்ரைடு’ சேர்த்துத் தனிக் கமிட் போடுங்கள்.

சி++க்கு மாறியதால் ஒரு நன்மை உண்டு. ஹெட்டர் கோப்பில் இல்லாமல் ஏதோ ஒரு சி கோப்புக்குள் எழுதிய பழைய அறிவிப்பு, சி காலத்தில் சத்தமில்லாமல் லிங்க் ஆகிவிடும். சி++இல் பாராமீட்டர் வகைகள் லிங்க்கர் பார்க்கும் பெயரிலேயே கலந்திருப்பதால் ‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்’ என்று நிற்கும். ‘எக்ஸ்டெர்ன் சி’ என்று குறித்தவற்றுக்கு மட்டும் இந்தக் காவல் இல்லை.

கேள்வி: தோட்டத்து வீட்டில் கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான். ரெப்பாசிட்டரியை இறக்கும்போது பாதியில் அறுந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. மடிக்கணினியில் 8 ஜிபி நினைவகம். மாலையில் இடி இடித்தால் மின்சாரமும் போய்விடுகிறது. இதில் இந்த வேலை நடக்குமா, அண்ணா?
– தொழிற்கல்வி மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: நடக்கும், தம்பி. ‘கிட் க்ளோன்’ பாதியில் அறுந்தால் இறக்கியதை அழித்துவிடும். தொடரும் வசதி அதற்கு இல்லை. எனவே ‘டெப்த் 1’ என்று கொடுத்து இன்றைய நிலையை மட்டும் முதலில் இறக்குங்கள். பிறகு ‘கிட் ஃபெட்ச்’சில் ‘டீப்பன்=2000’ என்று கொடுத்து வரலாற்றைத் துண்டு துண்டாகப் பின்னோக்கி எடுங்கள். நடுவில் அறுந்தால் அந்தத் துண்டு மட்டும்தான் போகும். மேலே சொன்ன வரலாற்றுத் தேடல் நீங்கள் இறக்கிய ஆழம் வரைதான் பேசும் என்பதை மறக்க வேண்டாம். தேடல் கடைசியாகக் காட்டும் கமிட் உங்கள் ஆழத்தின் எல்லையிலேயே நின்றால் அதை நம்பாதீர்கள், இன்னும் தோண்டுங்கள். ‘ஃபில்டர்=பிளாப்:நன்’ என்ற சுருக்க வழியும் உண்டு. ஆனால் பெரிய ‘எஸ்’ தேடலின்போது பழைய கோப்புகளை அப்போதுதான் இணையத்திலிருந்து இழுக்கும். ஹாட்ஸ்பாட்டில் அது சரிப்படாது. பக்கத்தில் நாடி மையமோ (அரசின் சமூக இணைய மையம்) பொது நூலகமோ இருந்தால் அங்கே ஒருமுறை, மீதி வரலாறு முழுவதையும் இறக்கும் ‘அன்ஷாலோ’ செய்துவிடுங்கள். ஒருவர் முழுதாக இறக்கினால் போதும், மற்றவர்கள் பென்டிரைவில் நகலெடுத்துக்கொள்ளலாம்.

பில்டுக்கு மூல அடைவுக்கு வெளியே தனி அடைவு வையுங்கள். எல்லா டார்கெட்டும் கட்டுவதால் முதல் முறை நேரம் பிடிக்கும். பிழை தேடும் கட்டத்தில் ‘சிஎக்ஸ்எக்ஸ்ஃப்ளாக்ஸ்’ஸில் ‘-ஓ0 -ஜி0’ கொடுத்தால் வேகமும் கூடும், வட்டு இடமும் மிஞ்சும். ஆனால் சில எச்சரிக்கைகள் ‘-ஓ2’வில்தான் வரும். அனுப்புவதற்கு முன் ‘-ஓ2 -ஜி’யில் ஒரு முழு பில்ட் கட்டாயம். 8 ஜிபியில் ‘-ஜே4’க்கு மேல் போக வேண்டாம். ‘சிசி1பிளஸ் கில்டு’ என்று செய்தி வந்தால் உங்கள் நிரலில் குறை இல்லை, நினைவகம் தீர்ந்துவிட்டது; ‘-ஜே2’ ஆக்குங்கள். ‘சிகேஷ்’ நிறுவிக்கொண்டால் இரண்டாம் முறையிலிருந்து மாறாத கோப்புகள் நொடியில் முடியும்.

மின்சாரம் போய் வந்த பிறகு லிங்க் கட்டத்தில் ‘ஃபைல் நாட் ரெகக்னைஸ்டு’ போன்ற பிழை வந்தால், எழுதி முடிக்காத ஆப்ஜெக்ட் கோப்பு ஒன்று மிஞ்சியிருக்கிறது. கோப்பு இருக்கிறதே என்று ‘மேக்’ அதை முடிந்ததாக எண்ணிவிடும். பிழையில் பெயர் வரும் கோப்பை அழித்து, பில்ட் அடைவில் அளவு 0 உள்ள ஆப்ஜெக்ட் கோப்புகளையும் ‘ஃபைண்ட்’ கட்டளையால் தேடி அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். முழுதும் அழித்துத் தொடங்க வேண்டியதில்லை.

கேள்வி: சோதனையில் சில ஃபெயில் வருகிறது. என் திருத்தத்தாலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: திருத்துவதற்கு முன்னாலேயே ஒருமுறை ஓட்டி ‘ஜிடிபி.சம்’ கோப்பைப் பத்திரப்படுத்துங்கள், தங்கை. திருத்திய பிறகு வருவதோடு ‘டிஃப்’ போட்டுப் பாருங்கள். வேறுபாடு மட்டும்தான் உங்கள் பொறுப்பு. சோதனைகளை ஓட்டும் கருவிகளான டெஜாக்னு, எக்ஸ்பெக்ட் இரண்டும் நிறுவியிருக்க வேண்டும். சில சோதனைகள் நேரத்தைப் பொறுத்து மாறி மாறி விழுபவை; வேறுபாடு காட்டும் சோதனையை மட்டும் ‘டெஸ்ட்ஸ்=’ என்று பெயர் கொடுத்துத் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். உபுண்டுவில் ‘பிட்ரேஸ்_ஸ்கோப்’ கட்டுப்பாடு இயல்பாகவே இருப்பதால், ஓடும் புரோகிராமோடு இணையும் சோதனைகள் சரியாக ஓடாமல் போகலாம். அது உங்கள் திருத்தத்தால் அல்ல. ‘மெயின்ட் செல்ஃப்டெஸ்ட்’ கட்டளையையும் ஓட்டுங்கள். சிறிய உள் சோதனைகள், விரைவில் முடியும்.

கேள்வி: எல்எல்விஎம் திட்டத்தின் டிபக்கரான எல்எல்டிபியிலும் இதே முறைதானா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: உள் நிரலுக்கு இதே முறைதான். ‘எஸ்பி’ என்று தொடங்கும் கிளாஸ்களில் மட்டும் கை வைக்காதீர்கள். அவை வெளியார் பயன்படுத்துவதற்கான நிலையான இடைமுகம். வேலை இழந்த பாராமீட்டரும் அங்கே இருந்தே ஆக வேண்டும். ஜிடிபியிலும் இப்படிச் சில உண்டு: பைத்தான் இடைமுகம், பிற செயலிகள் ஜிடிபியோடு பேசும் எம்ஐ, ஜிட் ரீடர் ஹெட்டர். நிரலைச் சோதிக்கும் கருவியான கிளாங்-டைடியில் ‘மிஸ்க்-அன்யூஸ்டு-பாராமீட்டர்ஸ்’ என்ற சோதனை இருக்கிறது. ஒரே கோப்புக்குள் அடங்கும் ‘ஸ்டேட்டிக்’ ஃபங்ஷன்களில் பாராமீட்டரைத் தானே எடுத்துத் தரும்; மற்றவற்றில் பெயரைக் கருத்துக்குறிக்குள் வைப்பதோடு நிற்கும். அதன் கவனம் சரியானதே.

கேள்வி: திருத்தம் தயார். அனுப்பும்போது எதில் தவறு செய்வோம்?
– கல்லூரி மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: பெரும்பாலும் கருத்துரையில். ஜிடிபியில் ஃபங்ஷனுக்கு மேலே உள்ள விளக்கத்தில் பாராமீட்டரின் மதிப்பைக் குறிக்கும்போது பெயரைப் பெரிய எழுத்துகளில் எழுதுவார்கள். பாராமீட்டரை எடுத்தவர் அந்த வாக்கியத்தை விட்டுவிடுவது வழக்கமாகவே நடக்கிறது. எழுத்தின் அளவைப் பார்க்காமல் தேடும் ‘ஐ’ ஆப்ஷனோடு கிரெப் செய்யுங்கள். பல கோப்புகளிலிருந்து அழைக்கப்படும் ஃபங்ஷன் என்றால் விளக்கம் ஹெட்டர் கோப்பில் இருக்கும். சி கோப்பில் ‘ஹெட்டரைப் பார்’ என்ற ஒரு வரிதான் இருக்கும். எனவே ஹெட்டரைத் திறந்து பார்க்காமல் முடிக்காதீர்கள். ஆர்கியூமென்ட்கள் இரண்டு வரிக்கு உடைந்திருந்த அழைப்பு இப்போது ஒரே வரியில் 80 எழுத்துக்குள் அடங்கும் என்றால் சேர்த்துவிடுங்கள். எட்டு இடைவெளிக்கு ஒரு டேப் என்ற ஒழுங்கு கெடாமல் இருக்கிறதா என்று ‘கிட் ஷோ’வை ‘செக்’ ஆப்ஷனோடு ஓட்டிப் பாருங்கள். தொடாத வரிகளை அழகுபடுத்த வேண்டாம்.

கமிட் செய்தியின் தலைப்பு வரி ‘ஜிடிபி:’ என்று தொடங்கி, எந்தப் பாராமீட்டர் எந்த ஃபங்ஷனிலிருந்து போகிறது என்று சொல்லட்டும். செய்தியின் உடலில், எந்தக் கமிட்டிலிருந்து அது பயனற்றுப்போனது என்பதைக் கமிட்டின் அடையாள எண்ணோடு எழுதுங்கள். பயனருக்கு எந்த மாற்றமும் தெரியாது என்பதையும் சொல்லிவிடுங்கள். நியூஸ் கோப்பிலும் கையேட்டிலும் எதுவும் சேர்க்க வேண்டாம்.

காப்புரிமைத் தாள் (எழுதிய நிரலின் பதிப்புரிமையை எழுதிக் கொடுக்கும் தாள்) பற்றி உங்கள் குழுவில் பலர் கேட்டிருக்கிறீர்கள். குனு திட்டங்களின் வழிகாட்டியின்படி ஏறக்குறைய 15 வரிக்குக் குறைந்த மாற்றம் சட்டப்படி குறிப்பிடத்தக்கது அல்ல. ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் மாற்றம், பெயர் மாற்றுவதைப் போன்றது, எத்தனை இடத்தில் நடந்தாலும் அதே கணக்குதான். அழைப்புகளிலிருந்து ஓர் ஆர்கியூமென்ட்டை மட்டும் எடுப்பது இந்த வகையில் வரும் என்றே நினைக்கிறோம். ஆனாலும் முடிவு பராமரிப்பாளருடையது. அவர் தாள் கேட்டால் எழுதிக் கொடுங்கள். அடுத்த பெரிய திருத்தத்துக்கும் அது உதவும்.

பேட்சை (உங்கள் திருத்தம் அடங்கிய கோப்பை) மின்னஞ்சலில் வெட்டி ஒட்டாதீர்கள். மின்னஞ்சல் செயலி டேப்களை இடைவெளிகளாக்கி வரிகளையும் மடக்கிவிடும். பெறுபவரால் அதைப் பொருத்த முடியாது. ‘கிட் சென்ட்-ஈமெயில்’ பயன்படுத்துங்கள். இரண்டு படி உள்நுழைவு உள்ள கணக்கு என்றால் உங்கள் வழக்கமான கடவுச்சொல் அதில் செல்லாது. கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் செயலிக்கென்று தனிக் கடவுச்சொல் எடுக்க வேண்டும். முதலில் உங்கள் முகவரிக்கே அனுப்பி, வந்ததைச் சேமித்து, புதிய கிளையில் ‘கிட் ஏஎம்’ கொண்டு பொருத்திப் பாருங்கள். பொருந்தினால் ஜிடிபியின் அஞ்சல் பட்டியலுக்கு அனுப்பிவிடலாம். இரண்டு வாரம் பதில் வராவிட்டால் அதே தொடரில் ‘பிங்’ என்று ஒரு வரி எழுதுங்கள். அங்கே அது முறைதான், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.